பழைய ராணுவக் கவச அங்கிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: டெக்சாஸில் ராணுவ உபரிப் பொருள் விற்கும் கடை ஒன்றில் அமெரிக்கத் தரைப்படையின் பழைய கவச அங்கி வாங்கினேன். பச்சை நிறம். முன்னால் ஜிப், இரண்டு விலாப் பக்கமும் கயிறு கோத்து இறுக்கும் வசதி, கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் காலர். லேபிளில் பாதி அழிந்துவிட்டது. 8470 என்றும் 100-68-சி என்றும் மட்டும் தெரிகிறது. உள்ளே இருப்பது கெவ்லரா? துப்பாக்கிக் குண்டைத் தடுக்குமா? இத்தனை வருடத்தில் கெட்டுப்போயிருக்குமா? துவைக்கலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது எம்-69 என்ற வியட்நாம் போர்க் காலத்து அங்கி. பிற்காலக் கவசங்களில் வந்த உறுதியான செயற்கை இழையான கெவ்லர் உள்ளே கிடையாது, நைலான்தான். ரைஃபிள் குண்டைத் தடுக்காது. தடுக்கவேண்டும் என்று அதை யாரும் செய்யவும் இல்லை. யாராவது உங்களிடம் "புல்லட் ப்ரூஃப்" என்று சொல்லி விற்றிருந்தால் அது தவறு. பாதுகாப்புக்காக இதைப் போட்டுக்கொள்ளும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சேகரிப்பில் வைக்க வாங்கினீர்கள் என்றால் நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

லேபிளில் இருந்து ஆரம்பிக்கலாம். 8470 என்பது அமெரிக்க ராணுவப் பொருள் பட்டியலில் தலைக்கவசம், உடல் கவசம் ஆகியவற்றுக்கான வகை எண். அதைத் தொடர்ந்து வரும் எண்களையும் சேர்த்து மொத்தம் 11 இலக்கம் இருந்தால் அது 1974க்கு முந்தைய எண்முறை, 13 இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. அடுத்து 100-68-சி என்பது ஒப்பந்த எண்ணின் துண்டு. அதற்கு முன்னால் டி.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் அழிந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் உருவான பாதுகாப்புத் துறைக் கொள்முதல் அமைப்பின் சுருக்கம் அது. 1977இல் பெயர் மாறி டி.எல்.ஏ. ஆனது. நடுவில் உள்ள 68 நிதியாண்டைக் குறிக்கிறது. அதாவது உங்கள் அங்கிக்கான ஒப்பந்தம் 1967 ஜூலைக்கும் 1968 ஜூனுக்கும் இடையில் போடப்பட்டது. கெவ்லர் சந்தைக்கு வந்ததே 1970களின் தொடக்கத்தில்தான். எனவே உங்கள் முதல் கேள்விக்கு அங்கியைப் பிரிக்காமலே பதில் கிடைத்துவிட்டது. லேபிளின் மற்ற எழுத்துகளையும் படிக்க ஒரு வழி உண்டு. இருட்டறையில் டார்ச்சை லேபிளுக்குப் பக்கவாட்டில், துணியோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துப் பாருங்கள். அச்சு அழிந்த இடத்திலும் மை ஊறிய தடம் கொஞ்சம் தெரியும்.

இனி இது எதைத் தடுக்கச் செய்யப்பட்டது என்பதைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பழைய கவசங்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் இருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் தலைமை மருத்துவர் மால்கம் க்ரோ. காயத்தோடு திரும்பிய விமானக் குழுவினரின் காயங்களை 1942இல் அவர் வகைப்படுத்திப் பார்த்தார். சுமார் 70 சதவீதம் வேகம் குறைந்த உலோகத் துண்டுகளால் ஏற்பட்டவை. விமான எதிர்ப்பு பீரங்கியின் குண்டு வானில் வெடித்துச் சிதறும் சில்லுகள், அவை பட்டு உடைந்து தெறிக்கும் விமானத்தின் பாகங்கள், இவைதான் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தன. நேராக வந்து பாயும் குண்டைத் தடுக்கவேண்டும் என்றால் ஆள் சுமக்க முடியாத எடைக்கு எஃகு வேண்டும். சில்லுக்கு அவ்வளவு தேவையில்லை. வாள் செய்வதில் பேர்போன லண்டன் வில்கின்சன் நிறுவனத்தோடு சேர்ந்து க்ரோ ஒரு அங்கியை உருவாக்கினார். சுமார் இரண்டு அங்குலச் சதுர எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி அடுக்கி, கான்வாஸ் துணிக்குள் தைத்திருந்தார்கள். முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 8 கிலோ. விமானத்தில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவருக்கு அது தாங்கும். மலையேறும் காலாட்படை வீரனுக்குத் தாங்காது.

அந்தத் தகடு ஹாட்ஃபீல்டு எஃகு. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் மாங்கனீசு சேர்ந்த இந்த எஃகு, அடி விழ விழ அந்த இடத்தில் மேலும் கடினமாகும். காந்தமும் பிடிக்காது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் விமான ஓட்டிக்கு அது ஒரு கூடுதல் வசதி. அமெரிக்க எம்-1 தலைக்கவசமும் இதே எஃகுதான். உங்களிடம் ஒன்று இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது.

காலாட்படைக்குத் தோதான எடை குறைந்த பொருளைத் தேடியபோதுதான் டோரான் வந்தது. கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி, அழுத்தத்தில் இறுகவைத்த பலகை அது. 1943இல் டவ் கெமிக்கல் உருவாக்கியது. அமெரிக்க ராணுவத் தளவாடப் பிரிவில் ஆராய்ச்சித் திட்டங்களைக் கவனித்த ஜார்ஜ் டோரியோவின் பெயரை ஒட்டி வந்த பெயர். இதே டோரியோதான் போருக்குப் பிறகு 1946இல் புதிய தொழில் நிறுவனங்களில் முதலீடு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி, வென்ச்சர் கேபிடலின் தந்தை என்று பெயரெடுத்தவர். டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு 1957இல் 70,000 டாலர் கொடுத்தது அவர்கள்தான். கவசத்தின் வரலாற்றில் எனக்குப் பிடித்த குறுக்குப் பாதை இது.

டோரானில் நம்பிக்கை வரவைக்க கடற்படை அதிகாரி ஒருவர் அதை அணிந்து நிற்க, சக அதிகாரி .45 கைத்துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார். பலகை தாங்கியது. கண்ணாடி இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, அந்தப் பிரிவிலேயே குண்டின் சக்தியை விழுங்கிவிடும். இதனால்தான் அடிபட்ட டோரான் பலகை வெள்ளை பூத்துப் பிளந்து கிடக்கும். ஒரே இடத்தில் இரண்டாவது அடியைத் தாங்காது.

கொரியப் போரில் இரண்டு வழிகள் பிறந்தன. மரைன் படை 1951இல் எடுத்துக்கொண்ட அங்கியில் வயிறு, விலா, முதுகுப் பக்கம் வளைத்த டோரான் பலகைகள். மேல் மார்பிலும் தோளிலும் நைலான் அடுக்கு. கை தூக்கி ரைஃபிளைத் தோளில் பதிக்கவேண்டிய இடத்தில் பலகை இருந்தால் சுட முடியாது, அதனால் அங்கே மட்டும் துணி. எடை சுமார் மூன்றரை கிலோ. தரைப்படையோ பலகையே வேண்டாம் என்று முழுக்க நைலானுக்குப் போனது. எம்-1952 என்று வந்த அந்த அங்கியில் 12 அடுக்கு நைலான் துணி. உங்களிடம் உள்ளது இதன் நேர் வாரிசு. பெரிய மாற்றம் அந்தக் காலர்தான்.

கொரியாவில் மருத்துவக் குழுக்கள் களத்திலேயே இருந்து, நைலான் அங்கியில் பட்ட ஒவ்வொரு துண்டையும் கணக்கெடுத்தன. பட்ட சில்லுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கை அங்கி தடுத்திருந்தது. துப்பாக்கிக் குண்டுகளில் ஏறக்குறைய கால் பங்கு. இந்தக் கால் பங்கைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. தூரத்தில் இருந்து வந்து வேகம் தளர்ந்த குண்டுகளும், கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் சப்-மெஷின் கன்களின் குண்டுகளும் அதில் அடங்கும். கிட்டத்தில் இருந்து சுட்ட ரைஃபிள் குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

மரைன் அங்கி பின்னால் எம்-1955 ஆனது. வலது தோளில் துப்பாக்கி வார் நழுவாமல் இருக்க உருண்டையாக ஒரு வரம்பு தைத்திருப்பார்கள், கீழ் விளிம்பில் வளையத் துளைகள் வரிசையாக இருக்கும். கடையில் இதைப் பார்த்தால் உள்ளே டோரான் இருக்கிறது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டினால் பலகைச் சத்தம் கேட்கும்.

சரி, வெறும் துணி எப்படி உலோகத்தை நிறுத்துகிறது? நான் நெசவுப் பொறியியல் படித்தவன். இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதில் போடும் நைலான் குடைத் துணியோ பை துணியோ அல்ல. 1,050 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அலகு) தடிமனுள்ள, மிக உறுதியாக இழுத்துத் தயாரித்த நூல். நீளவாட்டு நூலான பாவில் இரண்டு, குறுக்கு நூலான ஊடையில் இரண்டு என்று சேர்த்து நெய்வார்கள். கரூர், ஈரோடு பக்கம் மேட்டி என்று சொல்கிற அதே நெசவு. சாதா நெசவில் ஒவ்வொரு நூலும் அடுத்த நூலின் மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகும். வளைவு அதிகமானால் இழுவிசை பாய்ந்து போக நேரமாகும். மேட்டியில் வளைவு குறைவு. நூல் நேராகக் கிடக்கும், அடிபட்ட உடனே இழுவிசையை ஏற்றுக்கொள்ளும். அதே சமயம் சில்லின் மூக்கு நூல்களை ஒதுக்கிவிட்டு நடுவே நுழையாத அளவுக்கு நெருக்கமாகவும் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிடிக்கிற சமநிலைதான் கவசத் துணியின் வேலை முழுவதும்.

சில்லு ஒரு நூலில் பட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. பட்ட இடம் கூம்பு போல உள்ளே தள்ளப்படுகிறது. கூடவே இழுபடும் அதிர்வு நூலின் நீளவாட்டில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நைலானில் அந்த ஓட்டத்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். எவ்வளவு நீளத்துக்கு அது போய்ச் சேர்கிறதோ அவ்வளவு நூல்தான் வேலை செய்யும், மீதி நூலுக்கு அடிபட்டதே தெரியாது. ஓடும் வழியில் குறுக்கு நூல்களையும் அது இழுத்துவிடும். இப்படி ஒரு சிறு புள்ளியில் வந்த அடியைப் பல நூறு நூல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. நைலான் அறுபடுவதற்கு முன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீளும். அந்த நீட்சியில்தான் சக்தி செலவாகிறது. அடிபட்ட பழைய அங்கிகளில் அறுந்த இழைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் நுனிகள் உருகி உருண்டையாக இருக்கும். நைலான் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். உராய்வும் இழுவையும் அந்தச் சூட்டை அங்கே ஒரு கணம் உண்டாக்கிவிடுகின்றன.

இதை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1.1 கிராம் எடையுள்ள, முனை உளிபோல் வெட்டிய எஃகுத் துண்டைத் திரும்பத் திரும்பச் சுட்டு, பாதிக்குப் பாதி துளைக்கும், பாதிக்குப் பாதி நிற்கும் என்ற வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதற்கு வி-50 என்று பெயர். ராணுவ அங்கிகளை இப்படித்தான் ஒப்பிட்டார்கள். போலீஸ் அங்கிகளுக்குச் சொல்கிற 2ஏ, 2, 3ஏ போன்ற நிலைகள் வேறு சோதனை. உங்கள் எம்-69க்கு "இது எந்த லெவல்?" என்று கேட்டால் பதிலே இல்லை. அந்த அளவுகோல் வருவதற்கு முன்பே தைத்தது அது.

கணக்கைப் பாருங்கள். அந்த 1.1 கிராம் துண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 90 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டு சுமார் 500 ஜூல். ஏ.கே.-47 குண்டு சுமார் 2,000 ஜூல், அதுவும் கூர்முனையோடு. நைலானை இன்னும் இரண்டு அடுக்கு கூட்டினால் சரியாகிவிடும் என்கிற இடைவெளி இல்லை இது.

வியட்நாமில் இதன் கதை கலவையானது. 1968இல் கே சானில் முற்றுகைக்குள் மாட்டிய மரைன்கள்மேல் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் தொடர்ந்து விழுந்தன. அங்கே அங்கி இல்லாமல் வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு. அது போன்ற இடத்தில் இந்த நைலான் தன் மதிப்பை நிரூபித்தது. காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்கும் காலாட்படைக்கோ, வெப்பத்திலும் ஈரத்திலும் நான்கு கிலோ நைலானைப் போட்டுக்கொள்வதே தண்டனை. பலர் கழற்றி வைத்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் போகிறவர்கள் கீழே இருந்து வரும் சூட்டுக்குப் பயந்து அதை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். உங்கள் அங்கியில் ஜிப் ஓரமும் காலரும் அதிகம் தேய்ந்திருந்தால் போட்டிருந்தார்கள் என்று ஊகிக்கலாம். முதுகுப் பக்கம் மட்டும் நைந்திருந்தால் இருக்கையாகப் பயன்பட்டிருக்கலாம்.

அதே ஹெலிகாப்டர்களில்தான் ரைஃபிள் குண்டைத் தடுக்கும் முதல் உருப்படியான உடல் கவசமும் வந்தது. பீங்கான் பலகை. 1960களின் நடுவில் விமானிகளுக்கும் துப்பாக்கி இயக்குபவர்களுக்கும் கொடுத்த மார்புக் கவசத்தில் முன்பக்கம் அலுமினா அல்லது போரான் கார்பைடு, பின்பக்கம் கண்ணாடி இழைப் பலகை. வேலைப் பங்கீடு தெளிவானது. பீங்கான் குண்டைவிடக் கடினம், அதனால் குண்டின் மூக்கு அதில் மோதி நொறுங்கிப் பரந்துவிடும். அந்தக் கணத்தில் பீங்கானும் உடையும். நொறுங்கிய குண்டையும் பீங்கான் தூளையும் பின்னால் இருக்கும் இழைப் பலகை பிடித்துக்கொள்ளும். இன்றைய ராணுவப் பலகைகளும் இதே தத்துவம்தான், பின்பலகையின் பொருள்தான் மாறியது. போரான் கார்பைடு வைரத்துக்குக் கொஞ்சம் கீழான கடினம் கொண்டது, ஆனால் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. விலைதான் எப்போதும் தடை.

இப்போது கெவ்லர். 1965இல் ட்யூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டெஃபானி குவோலெக் எடை குறைந்த டயர்களுக்கு உறுதியான இழை தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த கரைசல் தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லை. மோர் மாதிரி நீர்த்து, கலங்கி இருந்தது. இப்படிப்பட்டதை வழக்கமாகக் கீழே ஊற்றிவிடுவார்கள். நூற்பு எந்திரத்தைக் கவனித்தவரும் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று முதலில் மறுத்தார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்கவைத்தார். வந்த இழையின் விறைப்பைப் பார்த்துவிட்டு, சோதனைக் கருவியில் தவறு இருக்கும் என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். கலங்கலுக்குக் காரணம், அந்தக் கரைசலில் மூலக்கூறுகள் குச்சிகளைப் போல ஒரே திசையில் வரிசை கட்டி நின்றதுதான். நைலானின் மூலக்கூறு வளையக்கூடிய சங்கிலி. இழுத்து இழுத்து நேராக்கினாலும் பல இடங்களில் மடிந்தே கிடக்கும். கெவ்லரின் மூலக்கூறு பென்சீன் வளையங்களால் விறைத்தது. நூற்கும்போதே நூலின் நீளவாட்டில் நின்றுவிடும், பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கொள்ளும்.

கவசத்துக்கு இதன் பலன் என்ன? இழுவிசை ஓடும் வேகம் கெவ்லரில் வினாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நைலானைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதே நேரத்துக்குள் மூன்று மடங்கு நீளத்துக்கு நூல் வேலைக்கு வருகிறது. அறுபடும் முன் நீள்வது மூன்று, நான்கு சதவீதம்தான். ஆனால் அதை நீட்டவே பெரும் சக்தி வேண்டும். உருகவும் உருகாது, 400 டிகிரிக்கும் மேல் போனால்தான் கருகும். தீப்பிடித்த வண்டிக்குள் இருப்பவனின் தோலில் உருகி ஒட்டாத அங்கி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று டாங்கிப் படையினரைக் கேட்டால் சொல்வார்கள்.

அமெரிக்கத் தரைப்படை 1980களில் எம்-69க்குப் பதிலாகக் கொடுத்தது பாஸ்கட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தொகுப்பு. கெவ்லர் 29 துணி 13 அடுக்கு உள்ள அங்கியும், கெவ்லரில் பிசின் சேர்த்து அழுத்திய தலைக்கவசமும். 1983 அக்டோபரில் கரீபியன் தீவான கிரெனடாவில் முதல் முறையாகப் போருக்குப் போனது. எடை நான்கு கிலோ, ஏறக்குறைய பழைய அங்கியின் எடையே. அதே எடையில் தடுக்கும் திறன் கூடியது. இதுவும் சில்லுக்கான அங்கிதான் என்பதை மறக்கவேண்டாம். கைத்துப்பாக்கிக் குண்டை இது நிறுத்தியது உண்டு, ஆனால் அதற்கென்று உத்தரவாதம் கொடுத்து வாங்கப்பட்டது அல்ல. காட்டு வண்ணத் துணி, முன்னால் வெல்க்ரோ பட்டை, மார்பில் கையெறி குண்டு மாட்டும் வார், தனியாக அசையும் தோள் பட்டைகள் இருந்தால் அது பாஸ்கட். உபரிக் கடைகளில் இன்று அதிகம் கிடைப்பதும், அதிகம் தவறாக விற்கப்படுவதும் இதுதான்.

துணியையும் பீங்கானையும் ஒரே அங்கியில் சேர்த்தது அடுத்த கட்டம். ரேஞ்சர் என்ற சிறப்புக் காலாட்படைக்குக் கொடுத்த அங்கியில் மெல்லிய கெவ்லரோடு மார்புக்கு ஒரு பீங்கான் பலகை வந்தது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சண்டை நடந்தபோது பலகை முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கத்துக்கும் பலகை வைக்கும் மாதிரி அதற்குப் பிறகே வந்தது. மற்ற காலாட்படைக்கு பாஸ்கட் மேலேயே மாட்டிக்கொள்ளும் பலகை உறை ஒன்றை 1996 வாக்கில் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 11 கிலோவுக்கு மேல் போனது. 1990களின் இறுதியில் வந்த இன்டர்செப்டர் என்ற கவசத்தில் நிலைமை மாறியது. அங்கி நான்கு கிலோவுக்குச் சற்று குறைவு. போரான் கார்பைடு பலகைகள் இரண்டு, தலா சுமார் 1.8 கிலோ. பலகையின் பின்புறம் கண்ணாடி இழைக்குப் பதில் பாலிஎத்திலீன் இழை. ராணுவம் எல்லாக் காலாட்படைக்கும் ரைஃபிள் குண்டைத் தடுக்கும் கவசம் கொடுக்கத் தொடங்கியது இங்கேதான். உங்கள் அங்கிக்கும் இதற்கும் முப்பது ஆண்டு இடைவெளி.

சோவியத் படை வேறு வழியில் போனது. ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோன 6பி2 அங்கியில் 1.25 மி.மீ. டைட்டேனியம் தகடுகள், அவற்றோடு அவர்களுடைய சொந்த அராமிட் (கெவ்லர் சேர்ந்த இழைக் குடும்பம்) துணி 30 அடுக்கு. சில்லுக்குப் போதும், ரைஃபிளுக்குப் போதாது என்று தெரிந்ததும் தகட்டை 6.5 மி.மீ.க்குத் தடிப்பாக்கி 6பி3 செய்தார்கள். எடை 12 கிலோவுக்கு எகிறியது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, வயசு. நைலானுக்கு முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும், நூல் மஞ்சளாகி நொறுங்கும். உங்கள் அங்கியில் நைலான் அடுக்குகள் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்கப்பட்டிருப்பதால் வெளித்துணி வெளுத்திருந்தாலும் உள்ளே ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த உறை தன் கணக்குக்கு வயதாகும். வினைல் பிளாஸ்டிக்கில் மிருதுவாக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் வெளியேறி, தொட்டால் பிசுபிசுக்கும், அப்புறம் விறைத்து வெடிக்கும். டோரானில் விளிம்புகள் அடுக்கடுக்காகப் பிரியும், கண்ணாடித் தூசி உதிரும். கையுறை போட்டுத் தொடுங்கள். கெவ்லருக்கும் வெயில் ஆகாது, குளோரின் ப்ளீச் அதைவிட ஆகாது. நனைந்த கெவ்லர் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தடுக்கும் திறன் குறையும், காய்ந்ததும் திரும்பும். அதனால்தான் ராணுவம் அந்தத் துணிக்கு நீர் ஒட்டாத பூச்சு கொடுத்தது. பீங்கான் பலகை இருந்தால் கவலை வேறு. ஒருமுறை கான்கிரீட் தரையில் விழுந்தாலே உள்ளே கீறல் ஓடியிருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அமெரிக்க ராணுவம் எக்ஸ்ரே எடுத்துத்தான் பழைய பலகைகளைத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிறது. வீட்டில் அது முடியாது.

வயதாவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு சைலான் இழை கண்முன்னே உள்ள பாடம். கெவ்லரைவிட உறுதி என்று போலீஸ் அங்கிகளில் சேர்த்தார்கள். வெப்பமும் ஈரமும் பட்டு, ஒரு சில வருடங்களிலேயே அது பலம் இழந்தது. 2005 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் சைலான் அங்கிகளுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. புத்தம்புதிய பொருளுக்கே அந்தக் கதி என்றால், ஐம்பது ஆண்டுக்கு மேல் எந்தக் கிடங்கில், எந்த வெயிலில் கிடந்தது என்றே தெரியாத நைலானை நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. "ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமே" என்றும் தோன்றும். அதுவும் வேண்டாம். ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அடுத்த இடத்திலும் நிற்கும் என்று அதில் இருந்து எதுவும் தெரியாது, அங்கியும் போய்விடும்.

உள்ளே என்ன என்று உறுதி செய்யவேண்டும் என்றால் தையலைப் பிரிக்காதீர்கள். உறை ஏற்கெனவே கிழிந்து நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓர் அங்குலம் எடுத்து, வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். உருகிச் சுருண்டு, நுனியில் மணி கட்டினால் நைலான். உருகாமல் கருகினால் அராமிட். நிறமும் காட்டிக்கொடுக்கும். கெவ்லரின் இயல்பு நிறம் தங்க மஞ்சள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் உடல் கவசம் வைத்திருப்பதை 2002 முதல் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. பெருங்குற்றத் தண்டனை எதுவும் இல்லாதவர்களுக்கு டெக்சாஸில் சிக்கல் இல்லை. ஆனால் கவசம் அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டுவரும் யோசனை இருந்தால், இரண்டு நாட்டு விதிகளையும் எழுத்தில் பார்த்த பிறகு செய்யுங்கள்.

கடைசியாகத் துவைப்பது. வாஷிங் மெஷினில் போடவே கூடாது. உள் உறை கிழிந்து அடுக்குகள் ஒரு மூலையில் சுருண்டுவிடும், லேபிளில் மிச்சம் இருக்கும் எழுத்தும் போகும். மெல்லிய தூரிகையை வைத்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டித் தூசியை எடுங்கள். கறை இருந்தால் ஈரத்தைப் பிழிந்த துணியில் ஒரு சொட்டு மிதமான சோப்பு, அவ்வளவுதான். ப்ளீச் வேண்டாம், அயர்ன் வேண்டாம். நிழலில், விரித்துப் போட்டுக் காயவையுங்கள். சாதாரண ஹேங்கரில் தொங்கவிட்டால் நான்கு கிலோவும் தோள் தையலில் இறங்கும், ஆகவே படுக்கைவாட்டில், அமிலமில்லாத காகிதம் விரித்த அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் உறை இருந்தால் பெட்டியை இறுக மூடவேண்டாம், காற்று போகட்டும். அதன்மேல் வேறு துணி எதையும் அடுக்கவும் வேண்டாம், கறை ஏறும். ஜிப் இறுகியிருந்தால் பலவந்தமாக இழுக்காமல் மெழுகுவர்த்தித் துண்டைப் பல்வரிசையில் தேய்த்துவிட்டு மெதுவாக நகர்த்துங்கள்.